ஒரு காரணமா, பல காரணிகளா?

குழந்தைகளே, பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய் வகுப்பு வாசலில் நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? அடுத்து என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "ஏன் லேட்டு?" என்று ஆசிரியர் கேட்பார். "வந்து சார்..." என்று நீங்கள் ஆரம்பிப்பதற்குள், "காரணம் சொல்லாதே!" என்று ஓர் அதட்டல் வரும். காரணம் கேட்டதும் அவரே, சொல்லாதே என்றதும் அவரே!

சிரிக்காதீர்கள். நானும் அப்படி அதட்டியவள்தான். முப்பது வருடங்களுக்கு மேல் டீச்சராக இருந்தவள். அப்படி ஒரு நாள் அதட்டி, பிறகு வெட்கப்பட்டுப் போன கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கூடவே ஒரு சொல்லையும் அறிமுகம் செய்து வைக்கிறேன். அந்தச் சொல் 'காரணி'.

'காரணம்' உங்களுக்குத் தெரியும். 'ஏன்?' என்ற கேள்விக்கு வரும் பதில்தான் காரணம். அதனால் நடப்பது காரியம். அதனால்தான் ஒன்றும் இல்லாமல் ஒருவர் நம் வீட்டுக்கு வரமாட்டார் என்பதை, 'காரண காரியம் இல்லாமல் வரமாட்டார்' என்கிறார்கள். பெயர்களில்கூட இது உண்டு. நான்கு கால் இருப்பதால் நாற்காலி, வளைந்து இருப்பதால் வளையல். இவை காரணப்பெயர்கள் என்று இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். எங்கள் பக்கத்துத் திருச்சுழியும் அப்படித்தான். ஊரையே மூழ்கடிக்க வந்த வெள்ளத்தைச் சிவபெருமான் சுழித்துப் பூமிக்குள் போகச் செய்ததால் 'சுழி' என்று பெயர் வந்ததாகத் தல புராணம் கூறுகிறது. ரமண மகரிஷி 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று பிறந்த ஊர் அது. குண்டாற்றங்கரை ஊர்தான், ஆனால் ஆண்டில் பல மாதங்கள் அந்த ஆற்றில் மணலைத்தான் பார்க்கலாம். வெள்ளத்தால் பெயர் வாங்கிய ஊரில் தண்ணீருக்குப் பஞ்சம்! வேடிக்கைதான், இல்லையா?

பேச்சு வழக்கில் 'காரணம்' இன்னும் இரண்டு வேஷம் போடும். "எல்லாத்துக்கும் அவன்தான் காரணம்" என்றால் அங்கே காரணம் என்பது பழி. "காரணம் சொல்லாதே" என்றால் அங்கே அது சாக்கு. (கோணிப்பையும் சாக்குதான், பொய்க் காரணமும் சாக்குதான். இந்த இரண்டு சாக்கும் பின்னால் ஓர் இடத்தில் வரும், ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.)

சரி, காரணி என்றால்? ஒரு காரியம் நடப்பதில் பங்கு உள்ள பல விஷயங்களில் ஒன்றுக்குக் காரணி என்று பெயர். இது பெரும்பாலும் தனியாக வராது, கூட்டாளிகளோடுதான் வரும். உங்கள் பாடப் புத்தகங்களைப் புரட்டுங்கள். சமூக அறிவியலில் 'காலநிலையைப் பாதிக்கும் காரணிகள்' இருக்கும். அறிவியலில் 'உயிருள்ள காரணிகள், உயிரற்ற காரணிகள்' இருக்கும். கணக்கிலோ, 12-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. என்னடா இது, கணக்குக்கும் மழைக்கும் ஒரே சொல்லா என்று தோன்றுகிறதா? அதைத்தான் எனக்கு ஒரு பையன் புரிய வைத்தான்.

சுமார் 25 ஆண்டுகளுக்கு முன்பு, திருச்சுழிக்கு அப்பால் ஒரு சிறிய ஊரில் நான் ஆறாம் வகுப்புக்கு ஆசிரியை. சுற்றிலும் கரிசல் காடு. சோளம், கம்பு, உளுந்து, பருத்தி, மல்லி எல்லாம் மானாவாரி. வானம் பார்த்தால்தான் வயிறு நிறையும். அந்த வகுப்பில் ஒரு பையன் தினமும் தாமதமாக வருவான். தலை சீவியிருக்க மாட்டான், சட்டையில் பாதி நனைந்திருக்கும். முதல் பாடவேளை கணக்கு. அதில் பாதி போன பிறகுதான் வருவான். கணக்கில் அவன் வாங்கும் மதிப்பெண்ணைச் சொன்னால் அவனுக்கு வருத்தமாக இருக்கும், அதனால் விட்டுவிடுகிறேன்.

ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டா தினமும் லேட்டு?" என்றேன். "தண்ணி எடுக்க..." என்றான். "காரணம் சொல்லாதே! வெளியே நில்" என்றேன். நின்றான். மதியம்வரை நின்றான்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு சின்னப் பெண் என்னிடம் வந்தாள். "டீச்சர், அவங்க அம்மாவுக்குக் காய்ச்சல். அவன்தான் எட்டுக் குடம் எடுத்து வைக்கணும். எங்க தெருக் குழாயில வரிசை நகரவே நகராது" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் சொல்ல வந்தது சாக்கு இல்லை. உண்மையான காரணம். கேட்க எனக்குத்தான் பொறுமை இல்லை.

மதியம் அவனை உள்ளே அழைத்து, கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி, "இப்போ சொல்லுப்பா" என்றேன். அவன் சொன்னதை ஒவ்வொன்றாக எழுதினேன். அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறார். தம்பியைப் பால்வாடியில் விட வேண்டும். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. ஊர்க் கிணறு வற்றிவிட்டது. இதில் எதை எடுத்தாலும் அது மட்டுமே அவன் தாமதத்துக்குக் காரணம் இல்லை. எல்லாம் சேர்ந்துதான். இவைதான் காரணிகள்.

அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "கிணறு ஏன் டீச்சர் வத்துச்சு?" நல்ல கேள்வி! காரணத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் அல்லவா? கண்மாயில் தண்ணீர் நின்றால் பக்கத்துக் கிணறுகளில் ஊறும். கண்மாய் காய்ந்தால் கிணறும் காயும். அப்படியானால் கண்மாய் ஏன் நிறையவில்லை?

"மழை பெய்யல டீச்சர்" என்றது பாதி வகுப்பு. "சீமைக் கருவேல மரம் மழையைத் தடுக்குது" என்றான் ஒருவன். "போன வருசம் அம்மன் கோயில் பொங்கல் நடக்கல, அதனாலதான்" என்றாள் ஒருத்தி.

முதல் பதிலைப் பார்ப்போம். எங்கள் பகுதியில் மழை குறைவு என்பது உண்மைதான். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 800 மில்லிமீட்டர் மழைதான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர்! ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. மேலே போகப் போகக் குளிர்ந்து, மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது அது வெறும் உலர்ந்த காற்று. அதனால் நாம் இருப்பது மழை மறைவுப் பகுதி. ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் நமக்குக் கதி. ஆக, மலையும் ஒரு காரணி, காற்று வீசும் திசையும் ஒரு காரணி.

இரண்டாவது பதில் இன்றைக்கும் பல பேர் சொல்வது. சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. ஆடு மாடுகள் அதன் நெற்றைத் தின்று, சாணத்தோடு விதைகளைப் பரப்பிவிடும். இப்படியே எங்கள் பக்கத்துத் தரிசு, கண்மாய், வாய்க்கால் எல்லாவற்றையும் அது பிடித்துக் கொண்டது. 2017 வாக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் தென்மாவட்டங்களில் ஊர் ஊராக இதை வெட்டினார்கள். மற்ற செடிகளை அடியில் வளர விடாது, வேர் ஆழமாகப் போகும், வாய்க்காலில் முளைத்தால் தண்ணீரை மறிக்கும். இந்தக் குற்றங்கள் எல்லாம் அதன்மேல் உண்டு. ஆனால் மழையையே தடுத்துவிடும் என்பது அதிகப்படியான பழி! வங்கக் கடலில் உருவாகும் பருவமழை, எங்கள் ஊர் முள்மரத்தைப் பார்த்துத் திரும்பிப் போகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். விவசாயம் பொய்த்த வருடங்களில் இந்த மரத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டுத்தான் எத்தனையோ குடும்பங்கள் அடுப்பு எரித்தன. ஒரே மரம் தண்ணீர்க் கஷ்டத்துக்கும் ஒரு காரணி, கஞ்சி கிடைத்ததற்கும் ஒரு காரணி.

மூன்றாவது பதிலுக்கு வருவோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். காக்கை உட்கார்ந்தது, பழம் விழுந்தது. இரண்டும் அடுத்தடுத்து நடந்தன. அதனால் காக்கைதான் பழத்தைத் தள்ளியது என்று சொல்லிவிட முடியுமா? பழுத்த பழம் எப்படியும் விழும். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் முந்தியது பிந்தியதற்குக் காரணம் என்று நினைத்துக் கொள்வது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அந்தப் பெண்ணிடம், "பொங்கல் நடந்த வருசமெல்லாம் கண்மாய் நிறைஞ்சுதா, உங்க பாட்டிகிட்ட கேட்டுட்டு வா" என்றேன். மறுநாள் வந்து, "இல்லையாம் டீச்சர். ஆனாலும் பொங்கல் வைக்கணுமாம்" என்றாள். பாட்டி சொன்னது சரி. சாமி கும்பிடுவது வேறு, காரணம் தேடுவது வேறு.

அந்தச் சனிக்கிழமை வகுப்பையே கூட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். ஊரில் மடை பார்க்கும் ஒரு தாத்தா எங்களோடு வந்தார். "மழை போன வருசமும்தான் பெஞ்சுச்சு. தண்ணி வர வழி வேணும்ல டீச்சரம்மா?" என்று சொல்லிவிட்டு, வரத்துக்கால் வழியாக மேலே நடத்திக்கொண்டு போனார். வரத்துக்கால் என்றால், மழைத் தண்ணீர் காட்டிலிருந்து கண்மாய்க்கு வந்து சேரும் கால்வாய்.

ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள்! பாதித் தூரத்துக்கு முள். ஓரிடத்தில் வண்டி போவதற்காக யாரோ மண்ணைக் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். அடியில் குழாய் எதுவும் இல்லை. ஒரு சிறு பாலத்தின் கண்ணில் பாலிதீன் பைகளும் சருகும் அடைத்து, சுவர் மாதிரி நின்றது. திரும்பிக் கண்மாய்க்குள் இறங்கினால், கரம்பை மண் சேர்ந்து தரை மேடேறிக் கிடந்தது. நிறைந்தாலும் அதில் முன்பு மாதிரி தண்ணீர் கொள்ளாது. மடைப் பலகையோ இத்துப் போயிருந்தது. நிற்கும் தண்ணீரும் ஒழுகிவிடும். எங்கள் தாமதப் பையன் எல்லோருக்கும் முன்னால் போய் ஒவ்வொன்றையும் காட்டினான். ஆடு மேய்க்கிற பிள்ளை, அந்த வழியெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

திங்கட்கிழமை கரும்பலகையில் எழுதினேன்: மழை, வரத்துக்கால், கண்மாயின் ஆழம், மடை. "இதில் எது முக்கியமான காரணி?" என்று கேட்டேன். "மழை" என்றார்கள். "சரி, மழை கொட்டுது. வரத்துக்கால் அடைஞ்சு கிடக்கு. கண்மாய்க்குத் தண்ணி எவ்வளவு வரும்?" யாரும் பேசவில்லை. அந்தப் பையன் மெதுவாக, "பூஜ்யம் டீச்சர்" என்றான்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. கணக்கில் காரணிகளை என்ன செய்கிறோம்? பெருக்குகிறோம்! 3 × 4 = 12 என்பதால்தான் 3-உம் 4-உம் 12-இன் காரணிகள். கூட்டலில் ஒன்று பூஜ்யமானால் மற்றவை மிஞ்சும். ஒரு பாடத்தில் பூஜ்யம் வாங்கினாலும் மற்ற நான்கு பாடங்களின் மதிப்பெண் மொத்தத்தில் இருக்கும் அல்லவா? பெருக்கலில் அப்படி இல்லை. 8 × 9 × 7 × 0 எவ்வளவு? ஒரே ஒரு பூஜ்யம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கண்மாய்க் கணக்கு பெருக்கல் கணக்கு. நான் கணக்கையும் அறிவியலையும் எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். இரண்டிலும் ஏன் ஒரே சொல் என்று அன்றுவரை யோசித்ததே இல்லை.

இந்தப் பெருக்கல் நமக்கு உதவியும் செய்யும். தீ எரிய மூன்று காரணிகள் வேண்டும்: எரியும் பொருள், ஆக்சிஜன், வெப்பம். அடுப்படியில் துணியில் தீப்பிடித்தால் பெரியவர்கள் ஈரச் சாக்கைத் தூக்கிப் போடுகிறார்களே, ஏன்? காற்று நுழையாமல் மூடுகிறது, ஈரம் சூட்டைத் தணிக்கிறது. ஒரு காரணியைப் பூஜ்யமாக்கினாலே தீ அணையும்; இந்தச் சாக்கு இரண்டைக் கவனித்துக் கொள்கிறது. (இது நல்ல சாக்கு!)

டெங்கு காய்ச்சலும் அப்படியே. வைரஸ், அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, அந்தக் கொசு முட்டையிட வீட்டருகே தேங்கிய நல்ல தண்ணீர் என்று அதற்கும் பல காரணிகள். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் டெங்கு எப்படி வரும் என்று கேட்பீர்கள். குழாயில் எப்போதோ ஒரு நாள் தண்ணீர் வருவதால், டிரம்மிலும் குடத்திலும் தொட்டியிலும் நாள் கணக்கில் பிடித்து வைக்கிறோம். அந்தத் தண்ணீர்தான் கொசுவுக்குத் தொட்டில்! முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். வைரஸை உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் டிரம்மைத் துணியால் இறுக்கிக் கட்டலாம், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவலாம். உங்கள் கைக்கு எட்டும் காரணி அது.

நம் முன்னோர்களும் இதையெல்லாம் யோசித்திருக்கிறார்கள். சைவ சித்தாந்த நூல்கள் காரணத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. பானைக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். அருப்புக்கோட்டைச் சேலையை எடுத்துக் கொண்டால் நூல், தறி, நெசவாளர். வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில், நோய் இன்னது என்று அறிந்ததும் மருந்து கொடுக்கச் சொல்லவில்லை. அந்த நோய் எதனால் வந்தது என்று தேடச் சொல்கிறார். அந்த இடத்தில் காரணத்துக்கு அவர் ஆண்டிருக்கும் தமிழ்ச் சொல் 'முதல்'.

ஒரு சின்னப் புதிர். தீப்பெட்டி, பட்டாசு என்றால் சிவகாசி. ஏன் சிவகாசி? "அங்கே வெயில் அதிகம், மழை குறைவு, காயப் போட வசதி" என்று எல்லோரும் சொல்வார்கள். இதே வெயில்தானே திருச்சுழியிலும் கொளுத்துகிறது? அந்தத் தொழில் ஏன் முதலில் இங்கே முளைக்கவில்லை? வெயிலோடு இன்னொன்றும் சேர வேண்டியிருந்தது. 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். விவசாயம் சரியில்லாததால் வேலை தேடும் கைகளும் அங்கே நிறைய இருந்தன. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே! அதனால் அச்சகங்கள் வந்தன. 'ஒரே காரணம்' என்று யாராவது அடித்துச் சொன்னால், அதே காரணம் இருந்தும் அந்தக் காரியம் நடக்காத இடம் எங்காவது உண்டா என்று தேடிப் பாருங்கள். நல்ல விளையாட்டு அது.

எங்கள் கண்மாய் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். தாத்தாவும் ஊர்க் கூட்டத்தில் பேசினார். மலையை நகர்த்த முடியாது, மேகத்தைக் கூப்பிட முடியாது. ஆனால் வரத்துக்கால் ஊர்க்காரர்கள் கையில்தானே இருக்கிறது! புரட்டாசியில் மண்வெட்டியும் அரிவாளுமாக இறங்கி முள்ளை வெட்டினார்கள், பாலத்துக் கண்ணைத் தோண்டினார்கள், வண்டிப் பாதைக்கு அடியில் சிமெண்டுக் குழாய் பதித்தார்கள். கண்மாயை ஆழப்படுத்த மட்டும் காசு இல்லை. அது அப்படியே கிடந்தது.

என் கையில் இருந்த காரணி ஒன்றும் உண்டு. முதல் பாடவேளையில் இருந்த கணக்கை மூன்றாவது பாடவேளைக்கு மாற்றிவிட்டேன். அவன் அப்போதும் தாமதமாகத்தான் வந்தான். ஆனால் கணக்கைத் தவற விடவில்லை. அரையாண்டுத் தேர்வில் 41 வாங்கினான். பெரிய மதிப்பெண் இல்லைதான். அவன் முன்பு வாங்கியது எவ்வளவு என்று தெரிந்த எனக்கு அது பெரிது.

ஐப்பசிக் கடைசியில் இரண்டு நாள் மழை அடித்தது. மூன்றாம் நாள் காலை வழக்கம்போல அவனைக் காணோம். முதல் பாடவேளை முடியும் நேரத்தில், முழங்கால் வரை கரிசல் சேற்றோடு ஓடிவந்து வாசலில் நின்றான். மூச்சு வாங்கியது.

"டீச்சர், பாலத்தைத் தாண்டிருச்சு! கம்மாய்க்குத் தண்ணி வருது!"

அன்றைக்கு அவனிடம் நான் காரணம் கேட்கவில்லை. வகுப்பு மொத்தமும் எழுந்து ஜன்னலுக்கு ஓடியது.